தங்குவதும் குடியிருப்பதும்

போன மாதம் அமெரிக்காவிலிருந்து நண்பன் ஒருவன் ஃபோன் பண்ணினான். கோடை விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து போயிருக்கும் அம்மா அப்பா எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறானாம். டிக்கெட் எடுத்தாயிற்று. எங்கே தங்குவது என்பதில்தான் மூன்று வாரமாக வீட்டில் பஞ்சாயத்து. உள்ளேயே டிஸ்னியின் ஹோட்டலா, வெளியே நெடுஞ்சாலையோரம் மலிவான ரூமா? "அந்த ஊரைப் பத்தி ஏதோ படம் சொன்னியேடா, அதுல வர்ற மோட்டல் எப்படி?" என்றான். சிரித்துவிட்டேன். அவன் கேட்டது ஷான் பேக்கரின் 'தி ஃப்ளோரிடா புராஜெக்ட்' (2017) படத்தை.

அன்றிரவு படத்தை மறுபடி பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது வறுமையைப் பற்றிய படமாகத் தெரிந்தது. இந்தமுறை அது நண்பனின் கேள்வியைப் பற்றிய படமாகவே தெரிந்தது. எங்கே தங்குவது?

படத்தின் தலைப்பே ஒரு பழைய ரகசியம். 1960களில் டிஸ்னி நிறுவனம் பினாமி கம்பெனிகளின் பெயரில் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களைச் சத்தமில்லாமல் வாங்கிக் குவித்தது. அந்தத் திட்டத்துக்கு அப்போது வழங்கிய பெயர்தான் ஃப்ளோரிடா புராஜெக்ட். மொத்தம் சுமார் 27,000 ஏக்கர். ஒரு பூங்காவுக்கு எதற்கு இவ்வளவு நிலம்? பதில் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1955இல் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது கையில் இருந்தது 160 ஏக்கர். கொஞ்ச நாளிலேயே வேலிக்கு வெளியே மோட்டல்கள் முளைத்துவிட்டன. பக்கத்திலிருந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல்கூட வேறொருவருக்குச் சொந்தம். டிஸ்னி அதை வாங்க 1988 வரை ஆனது. பகலெல்லாம் பூங்காவில் சுற்றியவர்களின் இரவு அடுத்தவன் கல்லாவுக்குப் போனது. வால்ட் டிஸ்னிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. ஃப்ளோரிடாவில் இரவையும் சேர்த்து வளைத்துப்போட்டார்.

1966இல் அவர் இறந்துவிட்டார். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தபோது கூடவே இரண்டு ஹோட்டல்களும் வந்தன. அதில் ஒன்றான கன்டெம்பரரியின் வயிற்றுக்குள்ளேயே மோனோரயில் புகுந்து போகும். இன்று அங்கே வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று ஹோட்டல்களுக்குப் படிநிலைகள் உண்டு. உள்ளே தங்கினால் இலவச பஸ். பூங்கா திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே நுழையலாம். டீலக்ஸ் என்றால் சில இரவுகளில் மற்றவர்கள் கிளம்பியபிறகும் உள்ளே இருக்கலாம். அறை வாடகைக்குக் கட்டிலோடு நேரத்தையும் சேர்த்து விற்கிறார்கள். வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பது முந்தின இரவு தலைவைத்துப் படுத்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வேலிக்கு வெளியே கிஸ்ஸிம்மீ ஊரின் 192ஆம் நெடுஞ்சாலை. டிஸ்னியை நம்பி மோட்டல்கள் வரிசைகட்டிய சாலை. 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் வீடிழந்த குடும்பங்கள் பல அந்த அறைகளில் வாரக்கணக்கில், பிறகு மாதக்கணக்கில் ஒண்டத் தொடங்கின. ஆறு வயது மூனியும் (ப்ரூக்ளின் பிரின்ஸ்) அவள் அம்மா ஹாலியும் (ப்ரியா வினைட்டே) இருக்கும் 'மேஜிக் காஸில்' நிஜமாகவே அந்தச் சாலையில் உள்ள மோட்டல். ஊதா நிறம். பெயர் முழுக்க டிஸ்னியின் நிழல்.

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. எங்க தங்கியிருக்கீங்க என்று கேட்டால் ஊருக்குத் திரும்பிப் போகப்போகிறவர் என்று பொருள். எங்க குடியிருக்கீங்க என்றால் இங்கேயே வேர்விட்டவர். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் படம் இது. ஒரு காட்சியில் ஹாலியும் மூனியும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மோட்டலுக்கு ஒரு ராத்திரிக்குப் போகவேண்டியிருக்கிறது. தொடர்ந்து ஒரே அறையில் இருந்தால் குடியிருப்பவர் என்ற உரிமை வந்துவிடுமாம். அது வரக்கூடாது என்பதற்காக மாதம் ஒருமுறை அவர்களைத் தங்குபவர்களாக மாற்றிக் காட்டும் ஏற்பாடு. மேனேஜர் பாபி (வில்லெம் டஃபோ) நல்ல மனுஷன். அவர்தான் இதைச் செய்யவும் வேண்டியிருக்கிறது. ஊரே வந்து தங்கும் சாலையில், குடியிருக்கிறேன் என்று சொல்ல மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை.

இன்னொரு காட்சி. பிரேசிலிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி டாக்ஸியில் வந்து இறங்குகிறது. மேஜிக் கிங்டம் பக்கத்தில் என்று நினைத்து மேஜிக் காஸிலில் ரூம் போட்டுவிட்டார்கள். மணப்பெண்ணுக்கு அழுகை முட்டுகிறது. பெரியவர்கள் அழப்போவது தனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறாள் மூனி. தியேட்டரில் இது சிரிப்புக் காட்சி. எனக்குப் படத்தின் மையமே இதுதான். அவள் எந்த இடத்தைப் பார்த்து அழுகிறாளோ அதுதான் மூனியின் வீடு. அவளுக்கு அது தப்பான புக்கிங், வேறு இடம் தேடிப் போகலாம். மூனிக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை.

ஹாலி டிஸ்னியின் கைப்பட்டைகளைத் திருடி விற்கும் பகுதியும் இதே தர்க்கத்தில் இயங்குகிறது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவருக்கு அந்தப் பட்டைதான் அறைச் சாவி, பூங்காவின் நுழைவுச்சீட்டு, பணப்பை எல்லாமே. பிறகு ஹாலி மூனியை ஒரு பெரிய ஹோட்டலின் காலை பஃபேக்குக் கூட்டிப்போகிறாள். யாரோ ஒருவரின் அறை எண்ணைச் சொல்லி உள்ளே நுழைகிறார்கள். பேக்கர் கேமராவை மூனியின் முகத்திலேயே வைத்துவிடுகிறார். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு அறை எண் கிடைத்தால் ஸ்ட்ராபெரி கிடைக்கும். இந்த ஊரின் சட்டம் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிட்டது.

சரி, எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டையும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் யாருக்கும் இதில் முழு முகம் இல்லை. பிரேசில் மணப்பெண் கேலிப்பொருள். பட்டைகளைப் பறிகொடுத்தவன் கதவைத் தட்டிக் கத்துகிறான், அவ்வளவுதான். இவர்களுக்குள்ளும் என் நண்பனைப்போல் இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தட்டையாக்குவதால் பார்வையாளருக்கு ஒரு சௌகரியம் கிடைக்கிறது. நான் அந்த டூரிஸ்ட் இல்லை, நான் மூனியின் பக்கம் என்று நாம் நம்பிக்கொள்ளலாம். உண்மையில் 111 நிமிடம் அந்த ஊதாச் சுவருக்குள் தங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு செக்-அவுட் செய்கிறவர்கள் நாம்தானே? 35 எம்எம் ஃபிலிமில் மின்னும் அந்த வெளிர்நிறங்கள் இந்தத் தங்கலை இன்னும் இனிமையாக்கித் தருகின்றன.

கடைசிக் காட்சியில் மூனியும் அவள் தோழி ஜான்ஸியும் கைகோத்து மேஜிக் கிங்டமுக்குள் ஓடுகிறார்கள். பேக்கர் அதை அனுமதியில்லாமல் ஐஃபோனில் எடுத்தார். தப்பித்தல், கனவு என்று இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தக் கோட்டையைப் பற்றிய ஒரு தகவல்தான் ஞாபகம் வந்தது. அதற்குள்ளே ஒரே ஒரு தங்கும் இடம் உண்டு. முதலில் டிஸ்னி குடும்பத்துக்காக என்று திட்டமிட்ட இடம். வால்ட் இறந்துபோனதால் முடிக்காமலேயே கிடந்தது. 2006இல் ஆரம்பித்த ஒரு பரிசுத் திட்டத்துக்காக அதைச் சொகுசு அறையாக்கினார்கள். காசு கொடுத்து அதை புக் பண்ண முடியாது. பரிசு விழுந்தவர்களும் அழைக்கப்பட்டவர்களும் ஓர் இரவு தங்கலாம். நிஜக் கோட்டையில் குடியிருப்பவர் எவருமில்லை. சில மைல் தள்ளி இருக்கும் போலிக் கோட்டையில் அறைக்கு அறை குடும்பம்.

நண்பனுக்கு மறுநாள் பேசினேன். அப்பா அம்மாவுக்கு நடை குறைவாக இருக்கும் இடமாகப் பார், காசு கட்டுப்படியானால் உள்ளேயே போடு என்றேன். அது நியாயமான ஆசைதான். "192லதான் போட்டா தப்பாடா?" என்று கேட்டான். தப்பே இல்லை. ஆனால் அங்கே பக்கத்து ரூம் வாசலில் ஸ்கூல் பையோடு ஒரு குழந்தை நின்றால் எங்கே தங்கியிருக்கீங்க என்று கேட்காதே என்றேன்.