வழிபாட்டிசையும் சபையின் குரலும்

தமிழ்த் திருச்சபைகளில் எவ்வகை இசை பாடப்படல் வேண்டும் என்னும் வாதம் பெரும்பாலும் இரு கட்சிகளாகவே நிகழ்ந்து வருகின்றது. ஓர்கனோடு பாடப்படும் ஞானப்பாட்டையும், ஆர்மோனியத்தோடு பாடப்படும் கீர்த்தனையையும் மரபு என ஒருபுறம் நிறுத்தி, கிற்றார், கீபோட், டிரம்ஸ் ஆகியவற்றோடு ஒலிக்கும் துதிப்பாடலை நவீனம் என மறுபுறம் நிறுத்துவர். இப்பாகுபாடு வரலாற்றோடு பொருந்துவதன்று. மரபு எனப்படும் இரண்டுமே தோன்றிய காலத்திற் புதுமைகள், தம்முள்ளும் மாறுபட்டவை.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, மூல மெட்டுக்களிலேயே பாடுவித்தனர். மெட்டு முன்னே நிற்க, மொழி அதன் பின்னே செல்லவேண்டியதாயிற்று. ஐரோப்பியப் பாடலின் ஓட்டம் அசையழுத்தத்தைப் பற்றியது. தமிழ்ச் செய்யுளின் ஓட்டமோ குறில் நெடில் அளவைப் பற்றியது. மெட்டு நீளுமிடத்திற் குறில் அமையின் அது நெடிலாகின்றது. விரையுமிடத்தில் நெடில் குறுகுகின்றது. ‘வாரும்’ என்னும் வேண்டுதல் ‘வரும்’ என்னும் வெறுஞ் செய்தியாகிவிடின், ஊறுபடுவது யாப்பு மட்டுமன்று, மன்றாட்டுமாகும். தலைமுறைகளாகப் பாடிப் பழகிய சபையார் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பழக்கத்திற்கும் ஓர் உரிமை உண்டென்பது மறுக்கற்பாலதன்று.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) எதிர்வழியிற் சென்றார். கோவிலுக்கும் அரசவைக்கும் உரியதாயிருந்த குறவஞ்சியை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியமை அந்நாளில் துணிகரமான செயலே. இராகமும் தாளமும் தமிழ்ச்செவிக்குப் பழகியவை. சொல்லின் அளவு சிதையவில்லை. மீண்டும் மீண்டும் வரும் பல்லவியை எழுத்தறியாதாரும் பற்றிக்கொள்ளலாம். எனினும் கீர்த்தனையைப் போற்றுவோர் பெரிதும் பேசாது விடும் செய்தியொன்றுண்டு. 1820களின் இறுதியில் புதிய மிசனரிமாரோடு சாஸ்திரியார் கொண்ட பிணக்கில், தமிழிசைப் பாடல்கள் வழிபாட்டினின்று விலக்கப்பட்டமை ஒரு முறைப்பாடு. சாதி வேறுபாடின்றிச் சபையாரை ஒன்றாக்க முயன்றமை மற்றொன்று. தமிழிசைக்காக வழக்காடிய குரலே சாதிக்காகவும் வழக்காடியது. ஆதலின், மரபு என்னும் பெயர் மாத்திரமே ஒரு பாடலுக்குத் தகுதிச் சான்றாகாது. கீர்த்தனையில் சங்கதிகள் பெருகப் பெருக, பயின்ற சிலர் பாடப் பிறர் வாளாவிருந்து கேட்கும் நிலை தோன்றுவதையும் இங்கு நோக்குதல் தகும்.

கத்தோலிக்கரிடையே இவ்வினா வேறு வடிவிலெழுந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், கிரகோரியன் இசைக்கு முதன்மை அளித்ததோடு, அவ்வந்நாட்டு இசைமரபுகளையும் மக்களின் முழுமையான பங்கேற்பையும் வற்புறுத்திற்று. ஆயினும் பூசை இலத்தீனில் நிகழ்ந்த காலத்திலேயே இலங்கைத் தமிழ் மக்கள் தம் குரலைப் பூசைக்கு வெளியே பேணிவைத்திருந்தனர். கோவாவிலிருந்து வந்து இங்கு பணிபுரிந்த யாக்கோமே கொன்சால்வெஸ் (1676-1742) இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு ஓதப்பட்டு வந்தது. சாவீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தோர்க்கு அவ்வோசையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்றைய துதிப்பாடல்களை இவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். சிறு அடிகள் திரும்பத் திரும்ப வருவதை அவற்றின் குறையாகக் கூறுவாருளர், அது பொருந்தாது. பஜனையும் அவ்வாறமைந்ததே, புதிதாக வந்தவரும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்து பாடலாம். குறை பிறிதோரிடத்துளது. ஆங்கிலத் துதிப்பாடலின் மெட்டை அப்படியே கொண்டு தமிழ்ச்சொல்லை அதனுட் புகுத்தும்போது, தரங்கம்பாடியில் நேர்ந்த பிழையே மீளவும் நேர்கின்றது. ‘வாரும்’ மறுபடியும் ‘வரும்’ ஆகின்றது. இளைஞர் வேண்டும் புதுமை இவ்வகையில் அவர்தம் பாட்டனார் பாடிய ஞானப்பாட்டினும் புதியதன்று. மேடையிலுள்ள சிலரின் குரலை ஒலிபெருக்கி பெருக்குமிடத்து, கீழே நிற்கும் சபையார் பாடுகின்றனரா இல்லையா என்பது அவர்களுக்கே கேட்பதில்லை.