வாங்குவதற்கு முன் மூன்று ஆட்டம்: பிரிட்டனில் ஏர்சாஃப்ட்

கையில் வாங்கியதும் எடைதான் முதலில் தெரிந்தது. எம்4 ராணுவ ரைஃபிளின் வடிவம், மூன்று கிலோ இருக்கும். தெற்கு இங்கிலாந்தில் ஒரு பைன் காட்டுக்குள் இருக்கும் ஆட்டக்களத்தில் மகனுக்கும் எனக்குமாக இரண்டு ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவனுக்கு வயது 16. பிறந்தநாளுக்கு இதில் ஒன்று வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். வாங்கித் தருவதா வேண்டாமா என்பதை நானும் கூட ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்வது என்று கிளம்பினேன். இரண்டு மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆடியாயிற்று.

முதலில் பொறி. ஒருவரையொருவர் சுட்டு ஆடும் இந்த ஆட்டத்தில் துப்பாக்கி சுடுவது 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை. விசையை அழுத்தினால் பேட்டரியில் ஓடும் மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றும். அவை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடும். ஸ்பிரிங் அதை முன்னே தள்ள, அழுத்தப்படும் காற்றில் உருண்டை பாயும். மின்மோட்டார் வகையை 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் டோக்கியோ மருய். இன்று களங்களில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வழி வந்தவையே.

என்னை வியக்கவைத்தது ‘ஹாப்-அப்’. குழலின் தொடக்கத்தில் இருக்கும் சிறு ரப்பர் உருண்டையின் மேற்புறத்தை உரசிப் பின்சுழற்சி கொடுக்கிறது. அந்தச் சுழற்சி உருண்டையைக் காற்றில் தாங்கிப் பிடிப்பதால், சீக்கிரம் தரையில் விழாமல் நேராகப் போகிறது. முதல் ஆட்டத்தில் நான் சுட்டதெல்லாம் வானத்தை நோக்கி வளைந்தது. களத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் ஹாப்-அப் சக்கரத்தைச் சற்றே தளர்த்திக் கொடுத்தார். அடுத்த பத்து உருண்டைகளில் ஆறு, நாற்பது மீட்டர் தள்ளியிருந்த பீப்பாயில் பட்டன.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் குரோனோகிராஃபில் சுட்டு வேகம் பார்க்கிறார்கள். 0.20 கிராம் உருண்டைக்கு நொடிக்கு 350 அடி என்பது அந்தக் களத்தின் வரம்பு. என்னுடையது 340 காட்டியது. ஆற்றலாகச் சொன்னால் 1.07 ஜூல். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளின் உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். பதினைந்து மடங்கு! அது ஈயக் குண்டைச் சுடுவது. மனிதரை நோக்கி ஒருபோதும் நீட்டக் கூடாதது. இரண்டையும் ‘காற்றுத் துப்பாக்கி’ என்று ஒரே பெயரில் அழைப்பதே ஆபத்து. ஸ்காட்லாந்தில் ஏர் ரைஃபிளுக்கு 2016 டிசம்பர் 31 முதல் உரிமமே கட்டாயம்.

ஏர்சாஃப்டுக்கும் சட்டம் உண்டு. தொடர்ந்து சுடும் வகைக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடும் வகைக்கு 2.5 ஜூல் வரம்பு. அதைத் தாண்டினால் துப்பாக்கிச் சட்டத்திலிருந்து ஏர்சாஃப்டுக்கு உள்ள விலக்கு போய்விடும். சட்டத்தின் கண்ணில் அது ஆயுதம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்ட நினைக்கும் இளைஞர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வாங்குவதிலும் இரண்டு வழிகள். 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், நிஜம்போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை விற்பதைத் தடை செய்கிறது. ஏர்சாஃப்ட் ஆடுபவருக்கு விற்கலாம் என்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. வாங்குபவர் ஆடுபவர்தானா என்பதைக் கடைக்காரர்கள் ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கமான ‘யூகாரா’வின் பதிவேட்டில் பார்க்கிறார்கள். காப்பீடு உள்ள ஒரு களத்தில், குறைந்தது 56 நாட்கள் நீளும் காலத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தால் பதியலாம். இது உரிமம் அல்ல, சான்று மட்டுமே. பதிவு இல்லாதவர் பளிச்சென்ற நீலம், ஆரஞ்சு போன்ற நிறம் பூசியதை வாங்கலாம். அதை வீட்டில் கறுப்பாக்கினால் குற்றம். எந்த வகையானாலும் 18 வயதாகாதவருக்கு விற்கக் கூடாது. அவர்கள் பெற்றோர் சம்மதத்தோடு ஆடலாம்.

தெருவிலோ பூங்காவிலோ தக்க காரணமின்றி இதை எடுத்துப் போவதும் குற்றம்தான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும், அவர் அழைத்து வரும் ஆயுதப் போலீசுக்கும் இது நிஜத் துப்பாக்கி. மேகசினையும் பேட்டரியையும் கழற்றி, மூடிய பையில் வைத்து, காரின் டிக்கியில் கொண்டுபோவதே முறை.

குறை என்றால் வாடகை முகமூடிதான். பத்தே நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே மரமா ஆளா என்று தெரியவில்லை. கழற்றித் துடைக்கக் கை பரபரக்கும். களத்தில் கழற்றவே கூடாது. ஒரு ஜூல் உருண்டை தோலில் பட்டால் சிவந்த தடிப்பு, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூன்றாம் ஆட்டத்தில், கொடியைப் பிடிக்க இருபது அடி மிச்சமிருக்கும்போது மகனின் கண்ணாடி மூடிக்கொண்டது. அவன் அடிபட்டவர் சொல்லும் ‘ஹிட்’ என்ற குரலைத் தானே கொடுத்துக் கையை உயர்த்தி, பாதுகாப்புப் பகுதிக்கு நடந்தே வந்து, உள்ளே நுழைந்த பிறகுதான் முகமூடியைக் கழற்றினான். தோற்ற வருத்தம் முகத்தில் இருந்தது. எனக்கு வேண்டிய பதில் அப்போது கிடைத்துவிட்டது.

என் முடிவு இது. பொறி நன்று, ஆட்டம் அதைவிட நன்று. ஆனால் முதல் மூன்று முறையும் வாடகைக்கே எடுங்கள். பதிவேடு கேட்கும் அந்த 56 நாட்கள், உங்கள் பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறதா என்று பார்க்கக் கிடைத்த அவகாசம். நாங்கள் பதிவுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறோம். துப்பாக்கி அதன் பிறகு, பூட்டிய அலமாரிக்கு வரும். அதற்கு முன்பே வாங்கியவை ஆவி படியாத இரட்டைக் கண்ணாடி போட்ட இரண்டு முகமூடிகள். நீங்களும் அதையே முதலில் வாங்குங்கள்.