பதினேழில் ஏற்றம், இருபதில் இறக்கம்: இந்திய இளையோர் கால்பந்தின் கணக்கு

2017 அக்டோபர் 9, தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானம். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவிடம் இந்தியா 0-1 எனப் பின்தங்கியிருந்தது. 82-ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து சஞ்சீவ் ஸ்டாலின் பந்தைத் தூக்கியடித்தார். மணிப்பூரின் ஜீக்சன் சிங் எம்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் போனது. ஃபிஃபா நடத்தும் உலகக் கோப்பையில் இந்தியா அடித்த முதல் கோல் அது. ஆண்கள், பெண்கள் எல்லா வயதுப் பிரிவுகளையும் சேர்த்தாலும் இன்றுவரை அது ஒன்றுதான். அரங்கத்தின் ஆரவாரம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடமே ஹுவான் பெனலோசா கொலம்பியாவுக்கு இரண்டாவது கோலை அடித்துவிட்டார். ஆட்டம் 1-2 என முடிந்தது.

நம் இளையோர் கால்பந்தின் பலமும் பலவீனமும் அந்த இரண்டு நிமிடங்களில் அருகருகே நிற்கின்றன. உலகத் தரமான அணிக்கு எதிராகக் கோல் அடிக்கும் திறமை நம் பையன்களிடம் இருக்கிறது. கோல் அடித்த மறுகணம் பதற்றமில்லாமல் அவரவர் இடத்துக்குத் திரும்பி, எதிரணியின் அடுத்த தாக்குதலுக்குத் தயாராக நிற்கும் பக்குவம் இல்லை. அந்தப் பக்குவத்தைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தர முடியாது. வாரம்தோறும் ஆடி, ஜெயித்து, தோற்று, முன்னிலையைக் கோட்டைவிட்டு, மறுபடி ஆடித்தான் அது வரும்.

இந்திய இளையோர் அணிகளின் சர்வதேசக் கணக்கை வயதுவாரியாக அடுக்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 16, 17 வயதுப் பிரிவில் தெற்காசியாவில் நாம்தான் ராஜா. 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகளும் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (சாஃப்) பட்டம் நமக்கே. ஆசிய அளவில் 2002-இலும் 2018-இலும் காலிறுதி வரை போனோம். 2020 போட்டிக்குத் தகுதி பெற்றும் கொரோனாவால் அது நடக்கவில்லை. 2023 போட்டிக்கு மீண்டும் தகுதி பெற்றோம். 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என வீழ்த்தி 2026 ஆசியக் கோப்பைக்கும் இடம் பிடித்தோம். 20 வயதுப் பிரிவுக்கு வந்தால் கதை மாறுகிறது. 2006-இல் நாமே நடத்திய போட்டிக்குப் பிறகு ஆசியப் பிரதானச் சுற்றில் இந்தியா ஆடவே இல்லை. 23 வயதுப் பிரிவில் ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. 2025 செப்டம்பரில் பஹ்ரைனை 2-0 என வென்று, கத்தாரிடம் 1-2 எனத் தோற்று, மயிரிழையில் அந்த வாய்ப்பைத் தவறவிட்டோம்.

பிள்ளைகள் வளர வளர அணி தேய்கிறது. இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி இதற்குக் காரணம் என்ன என்பதே.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஷப்பீர் அலி தலைமையிலான இந்திய அணி ஈரானுடன் 2-2 எனச் சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. 20 வயதை ஒட்டிய பையன்கள் அன்றைக்கு ஆசியாவின் உச்சியில் நின்றார்கள். ஆகவே உடல்வாகு, உணவு, பரம்பரை என்று சொல்லப்படும் சமாதானங்களை ஓரமாக வைத்துவிட்டு, நாம் பின்பற்றும் முறையைத்தான் ஆராய வேண்டும்.

முறை இதுதான்: ஒரு சர்வதேசப் போட்டி வருகிறது என்றால், நாடு முழுக்கத் தேடி முப்பது, நாற்பது பையன்களைப் பொறுக்கி எடுப்பது. ஓரிடத்தில் தங்கவைத்து மாதக்கணக்கில் முகாம் நடத்துவது. வெளிநாடுகளுக்கு அழைத்துப் போய் ஆடவைப்பது. போட்டி முடிந்ததும் கலைப்பது. 2017 உலகக் கோப்பைக்காக இந்த முறை உச்சத்துக்குப் போனது. ஜெர்மானியர் நிக்கோலாய் ஆடமும், பிறகு போர்ச்சுகலின் லூயிஸ் நார்டன் டி மாட்டோஸும் பயிற்சியாளர்களாக இருந்தார்கள். உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என மூன்று ஆட்டங்களிலும் தோல்வி.

தோல்வியை மட்டும் வைத்து இந்த முறையை ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. அதன் பலன்கள் மெய்யானவை. அந்த 21 பேரில் ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அபுயா, அன்வர் அலி, அமர்ஜித், ரஹீம் அலி ஆகியோர் பிற்பாடு சீனியர் அணியிலும் ஆடினார்கள். ஒரே வயதுப் பிரிவிலிருந்து இத்தனை பேர் மேலே வருவது சாதாரண விஷயமல்ல. 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் போட்டியில் ஃப்ளாய்ட் பின்டோவின் 20 வயது அணி, பத்துப் பேராகக் குறைந்த பிறகும் அர்ஜென்டினாவை 2-1 என வென்றது. அன்று எதிரணியின் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. நான்கு ஆண்டுகள் கழித்து உலகக் கோப்பையை வென்றவர். அதே ஆண்டு மலேசியாவில் நடந்த 16 வயது ஆசியப் போட்டியில் பிபியானோ பெர்னாண்டஸின் அணி வியட்நாமை வென்றது. ஈரானையும் இந்தோனேசியாவையும் கோலடிக்க விடாமல் சமன் செய்தது. காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால், 2017-இல் கிடைத்தது போல, போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமலே 17 வயது உலகக் கோப்பைக்குப் போயிருப்போம்.

முகாம் கொடுக்கும் இன்னொன்றையும் மறுக்கக் கூடாது. வறுமையான வீட்டுப் பையனுக்கு மூன்று வேளைச் சத்தான சாப்பாடு, மருத்துவக் கவனிப்பு, நல்ல ஷூ, ஒழுங்கான புல்தரை எல்லாம் முதன்முறையாக அங்கேதான் கிடைக்கின்றன. அந்த வாய்ப்பைப் பறிக்கச் சொல்லும் உரிமை எந்த விமர்சகருக்கும் இல்லை.

அப்படியானால் குறை எங்கே?

முதல் குறை, தேடும் வலை சிறியது. ஜீக்சன் சிங்கின் கதையே சாட்சி. உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருந்தபோது, மினர்வா அகாடமிப் பையன்களோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் தேசிய அணி தோற்றது. அதன் பிறகுதான் ஜீக்சனும் அன்வர் அலியும் இன்னும் சிலரும் அணிக்குள் வந்தார்கள். நாட்டின் ஒரே உலகக் கோப்பைக் கோலை அடித்தவர் ஆண்டுக்கணக்கான தேடலில் அகப்படாமல், ஒரு ஆட்டத்தில் அகப்பட்டார். தேர்வு முகாமில் ஒரு பையனை ஒன்றிரண்டு நாள்தான் பார்க்கிறார்கள். லீக் ஆட்டங்கள் அவனை ஆண்டு முழுக்கக் காட்டும். அந்த 21 பேரில் 8 பேர் மணிப்பூர்க்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. மணிப்பூருக்கு அது பெருமை. அங்கே தெருவுக்குத் தெரு ஆட்டம் நடக்கிறது. ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நம் மாநிலத்தில் ஒரு பையன்கூடக் கண்ணில் படவில்லை என்றால், இங்கே அவர்கள் கண்ணில் படும்படி ஆட்டம் நடக்கவில்லை என்றுதான் பொருள்.

இரண்டாவது குறை, சீக்கிரம் வளர்ந்த உடம்புக்குக் கிடைக்கும் சலுகை. பதினைந்து வயதில் உயரமும் வேகமும் உள்ளவன் தேர்வில் முந்திவிடுவான். கால்திறமையும் மூளையும் இருந்து, உடம்பு பின்னால் வளர்பவன் வீட்டுக்குப் போய்விடுவான். வயதைக் குறைத்துச் சொல்லும் மோசடியை எலும்புச் சோதனையும் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஓரளவு பிடிக்கின்றன. நேர்மையாகவே சீக்கிரம் வளர்ந்தவனுக்குக் கிடைக்கும் அனுகூலத்தை எந்த ஸ்கேனும் காட்டாது. இருபது வயதில் எல்லா நாட்டுப் பையன்களும் வளர்ந்துவிடுகிறார்கள். அப்போது உடம்பைக் காட்டி ஜெயிக்க முடியாது. தெற்காசியாவில் கோப்பை மேல் கோப்பை வாங்கும் நாம் ஆசிய அரங்கில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மூன்றாவது குறைதான் பெரியது: 17 முதல் 21 வரையிலான வெற்றிடம். முகாம் கலைந்ததும் பையன் ஏதாவது ஒரு பெரிய கிளப்பில் சேருகிறான்; அங்கே வெளிநாட்டு வீரர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்காருகிறான். இந்த ஆபத்தை உணர்ந்துதான் 2017-இல் இளையோருக்கான இந்தியன் ஏரோஸ் அணிக்கு மறுபடி உயிர் கொடுத்து, உலகக் கோப்பைப் பையன்களை ஐ-லீக்கில் ஆடவிட்டார்கள். நல்ல முடிவு. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டியை 3-0 எனச் சாய்த்தார்கள். ஆனாலும் அது ஒரே ஒரு அணி. மிஞ்சிப்போனால் இருபத்தைந்து பேருக்கு வழி. 2022-இல் அதையும் மூடினார்கள். அதற்குப் பதிலாக இளையோர் லீக்குகளை விரிவாக்குவோம் என்றது அகில இந்திய கால்பந்து சம்மேளனம். திசை சரி. வேகமும் பரப்பும் போதவில்லை.

பெண்கள் அணியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2022-இல் 17 வயது மகளிர் உலகக் கோப்பையை நாம் நடத்தினோம். போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் சம்மேளனத்தையே ஃபிஃபா இடைநீக்கம் செய்து, பிறகு அந்தத் தடையை விலக்கியது. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. சிறுமிகள்மேல் குற்றமில்லை, ஆட்ட அனுபவம் இல்லாதவர்களை உலக மேடையில் ஏற்றியது நாம்தான். 2025-இல் 17 வயது, 20 வயது மகளிர் அணிகள் இரண்டுமே தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து ஆசியப் போட்டிக்குள் நுழைந்தன. நடத்துகிறோம் என்பதற்காகக் கிடைக்கும் இடத்தைவிட, ஆடிப் பெற்ற இடத்துக்கே மதிப்பு அதிகம்.

இனி நம் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பார்ப்போம். இங்கே பந்து உதைக்கும் எட்டாம் வகுப்புப் பையனின் ஆண்டு எப்படிப் போகிறது? பி.டி. பீரியடில் ஆடுகிறான். பி.டி. சார் அக்கறையானவராக இருந்தால் காலையிலும் சாயங்காலமும் கூடுதலாக ஆடுவான். பிறகு குறுவட்டப் போட்டி. அது நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டின் போட்டிக் கால்பந்து அவனுக்கு அத்தோடு முடிந்தது. ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம். பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பையின் தொடக்கக் கட்டங்களும் பெரும்பாலும் இதே கதைதான். யாருக்கு அதிக ஆட்டம் தேவையோ, அந்தச் சுமாரான அணிக்குத்தான் மிகக் குறைந்த ஆட்டம் கிடைக்கிறது. கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீக்கிரம் தீர்க்க நாக்-அவுட் நல்ல வழி. ஆட்டக்காரனை உருவாக்க அதைவிட மோசமான வழி இல்லை.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே பள்ளி அணிகளும் கிளப்புகளின் இளையோர் அணிகளும் ஒரே லீக்கில், அடுக்கடுக்கான பிரிவுகளில், ஆண்டு முழுக்க மோதுகின்றன. 2023 ஆசியப் போட்டியில் நம் 17 வயது அணி ஜப்பானிடம் 4-8 எனத் தோற்றது. ஜப்பானுக்கு எதிராக நான்கு கோல் என்பது சிறிய விஷயமல்ல, அடிக்கத் தெரிந்திருக்கிறது. எட்டு கோல் வாங்கியதில் தெரிவது, ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் பழக்கம் இல்லை என்பது. உஸ்பெகிஸ்தானும் பாடம்தான். 2023-இல் 20 வயது ஆசியப் பட்டம், 2025-இல் 17 வயது ஆசியப் பட்டம், அதே ஆண்டு சீனியர் உலகக் கோப்பைக்கு முதல் தகுதி. அங்கே ஒவ்வொரு வயதுப் பிரிவும் அடுத்ததற்கு ஆளைக் கொடுக்கிறது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் எட்டுப் பள்ளி அணிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்தலாம். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு தன் மைதானத்தில் ஒன்றும் எதிரணி மைதானத்தில் ஒன்றும் ஆடினால், ஆளுக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. சனிக்கிழமைகளில் வைத்தால் ஒரு கல்வியாண்டுக்குள் முடிந்துவிடும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம். நடுவர் படி, பந்து, பஸ் கட்டணம், பையன்களுக்குச் சாப்பாடு, செலவு இவ்வளவுதான். பஞ்சாலைகளும் பட்டாசு, அச்சுத் தொழில்களும் கிருஷ்ணன்கோவில் பக்கம் பல்கலைக்கழகமும் உள்ள வட்டாரத்துக்கு இது எட்டாத தொகை அல்ல. பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. தென்மாவட்டத்துக்குக் கால்பந்து ஒத்துவராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2017-ஐ ஒட்டி, ஒரு கோடியே பத்து லட்சம் குழந்தைகளிடம் கால்பந்தைக் கொண்டுசேர்க்கும் இயக்கம் பெரிய விளம்பரத்தோடு நடந்தது. ஆசை நல்லது. பந்தைத் தொட்ட பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமை ஆட ஓர் ஆட்டம் இல்லையென்றால் அந்த ஆசை அங்கேயே வாடிவிடும். அந்த இயக்கத்தின் செலவில் ஒரு பங்கு மாவட்ட லீக்குகளுக்குப் போயிருந்தால், அன்று பந்தைத் தொட்ட பிள்ளைகள் இன்று 20 வயது அணியின் வாசலில் நின்றிருப்பார்கள்.

என் தீர்ப்பு இது. தேசிய முகாம் வேண்டும். வெளிநாட்டுப் பயணமும் வேண்டும். அவை லீக்கில் ஆண்டுக்கு முப்பது ஆட்டம் ஆடிய பையனை மெருகேற்றும் இடமாக இருக்க வேண்டும். ஆட்டமே கிடைக்காத பையனுக்கு அவசர அவசரமாக எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும் இடமாக இருந்தால், பதினேழில் ஒரு வெற்றி கிடைக்கும். இருபதில் அது காணாமல் போகும். இளையோர் அணியை அது கொண்டுவரும் கோப்பையை வைத்து மட்டும் அளக்கும் வழக்கத்தைச் சம்மேளனமும் பத்திரிகைகளும் ரசிகர்களும் விட வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பையன்களில் எத்தனை பேர் வாரம்தோறும் முழு ஆட்டம் ஆடுகிறார்கள் என்பதே சரியான அளவுகோல். 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற பையன்கள் 2029-இல் 20 வயதை எட்டியிருப்பார்கள். அதற்குள் அவர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் விருதுநகர் மாவட்டப் பள்ளி மைதானங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், ஆட லீக் இருக்க வேண்டும். அதை அமைப்பது மாவட்டச் சங்கங்களின், பள்ளிக் கல்வித் துறையின், நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் கடமை.