ஏடும் களமும்

ஹைதராபாத்தின் ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பரப்பி வைக்கப்படும் பழைய புத்தகக் குவியலொன்றிலிருந்து எடுத்து வந்து, குஷாய்குடாவில் என் வீட்டு மாடியில், கீழே செர்லபல்லித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளின் இரைச்சலைக் கேட்டவண்ணம் நான் இருமுறை படித்த நூல், வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் 1944-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட, பண்டை இந்தியாவின் யுத்தமுறைகளைப் பற்றிய நூலாகும். முதன்முறை படித்தபோது ஆசிரியரின் கல்விப் பரப்பைக் கண்டு மலைத்தேன். மறுமுறை படித்தபோது ஓரங்களிலெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி இட்டேன். அந்த மலைப்புக்கும் இந்தக் கேள்விகளுக்கும் காரணம் ஒன்றே என்பது பின்னர்தான் எனக்குப் புலனாயிற்று.

பண்டைக் கிரேக்கரின் போரை ஆராய்வதையே ஆயுட்பணியாகக் கொண்ட சரித்திராசிரியர்கள் மேலைநாட்டில் ஒரு பரம்பரையாகவே இருந்து வந்திருக்கின்றனர். கிரேக்க அரசுகள் போர் நடத்திய விதத்தை மட்டும் ஐந்து தொகுதிகளில் எழுத பிரிட்செட் என்பவர் 1971 முதல் 1991 வரை இருபது ஆண்டுகளைச் செலவிட்டார். நம் நாட்டில் அத்தகைய பரம்பரை உருவாகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்த குஸ்தாவ் ஓப்பெர்ட் என்ற ஜெர்மானியர் 1880-இல் பண்டை ஹிந்துக்களின் ஆயுதங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார், டாக்காவில் பி. சி. சக்ரவர்த்தியின் நூல் 1941-இல் வந்தது. அதன்பின் வந்தவர் தீட்சிதர்.

1896-இல் பிறந்து 1953-இல் மறைந்த தீட்சிதர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு கற்பித்தவர். யுத்தம் ஒன்றையே கட்டிக்கொண்டு அவர் வாழ்ந்ததில்லை. 1932-இல் மௌரியரின் ஆட்சிமுறை, 1939-இல் சிலப்பதிகாரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1949-இல் திருக்குறளின் மொழிபெயர்ப்பு, இறுதிக்காலத்தில் புராணங்களுக்கு மூன்று தொகுதிகளில் ஓர் அகராதி என்று அவர் கைவைத்த துறைகளைப் பார்த்தால், ஆறு பேர் செய்ய வேண்டிய பணியை ஒருவர் செய்தார் என்றே தோன்றுகிறது. கல்வெட்டையும் செப்பேட்டையுமே பிரமாணமாகக் கொண்டு, புராணமென்றால் ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை என்று பலர் எண்ணிய காலத்தில், அவ்வேடுகளையும் முழுவதும் படித்த பிறகே தீர்ப்புக் கூற வேண்டும் என்ற சிரத்தை அவரிடம் இருந்தது.

அந்தச் சிரத்தையே அவருடைய யுத்த நூலின் பெருமை. யுத்தத்தை வெறும் ஆயுதங்களின் கணக்காகக் காணாமல், தூது, சந்தி, கோட்டை, கப்பற்படை, வெற்றி பெற்றவனின் கடமை என அனைத்தும் அடங்கிய ஒரு ஸ்தாபனமாக அவர் கண்டார். தமிழர்க்கு இதனினும் முக்கியமான ஒரு காரியத்தையும் செய்தார். வெட்சி தொடங்கி வாகை வரை நம் முன்னோர் வகுத்த புறத்திணை மரபை, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்துக்கும் மனுவுக்கும் அருகே, அடிக்குறிப்பில் ஒடுக்காமல், சரிசமமான ஆதாரமாக உட்கார வைத்தார். வடக்கே ஆண்ட அரசர்களின் போரே இந்தியப் போர் என்று எழுதிக் குவித்த காலத்தில் இது சிறிய துணிவன்று.

ஆனால் ஏட்டில் உள்ள விதியை, களத்தில் நடந்த வழக்கமாகவே பெரும்பாலும் கொண்டுவிடும் போக்கும் அதே சிரத்தையிலிருந்துதான் பிறக்கிறது. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் அம்புகளை விடுமுன் பசுக்களுக்கும் பார்ப்பனருக்கும் பெண்டிருக்கும் பிணியுடையோருக்கும் புதல்வரைப் பெறாதோருக்கும் ஒதுங்கிக்கொள்ள எச்சரிக்கை விடுத்த அறத்தைப் பாடுகிறார். தர்மயுத்தம் பற்றிப் பேசுவோர் எல்லாரும் எடுத்துக்காட்டுவது இப்பாட்டையே. அதே புலவர் அதே அரசனைப் பதினைந்தாம் பாட்டில் பாடும்போது, பகைவரின் அகன்ற இடங்களைக் கழுதை பூட்டி உழுததையும், விளைவயல்களில் தேரோட்டியதையும், காவலுடைய குளங்களில் யானைகளை இறக்கிக் கலக்கியதையும் புகழ்கிறார். இரண்டும் புகழ்ச்சியே; இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவையே. இவற்றுள் எது விதி, எது வழக்கம், எச்சரிக்கை கேட்டு ஒதுங்கிய நோயாளி பிறகு எந்தக் குளத்து நீரைக் குடித்தான் என்ற கேள்வியைக் கேளாமல் தர்மயுத்தத்தைப் பற்றி ஒரு பக்கமும் எழுத முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கிரேக்கப் போரை ஆராய்ந்தவர்கள் இத்தகைய கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்த விக்டர் டேவிஸ் ஹான்சன், படையெடுத்து வந்தவர்கள் கொடிகளையும் ஒலிவ மரங்களையும் அழித்தார்கள் என்று நூல்கள் கூறுவதைப் படித்து, வேரூன்றிய கொடியை வெட்டி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தம் நிலத்தின் அனுபவத்தால் அறிந்தவராகையால், அந்த அழிவு முழுமையானதாக இருந்திருக்க முடியாது என்று 1983-இல் வாதாடினார். அவருக்கு வெகுகாலம் முன்பே ஜெர்மானியரான ஹான்ஸ் டெல்புரூக், பாரசீக மன்னன் செர்க்ஸஸின் சேனைக்கு ஹெரோடோட்டஸ் கூறிய பெருந்தொகையைச் சாலையில் நிறுத்திப் பார்த்து, அதன் தலை தெர்மோபிலேயை அடையும்போது வால் சூசா நகரை விட்டே புறப்பட்டிருக்காது என்று காட்டினார்.

இந்தச் சோதனையை நம் நூல்களுக்கும் செய்து பார்க்கலாம். மகாபாரதம் கூறும் பெரும்படைப் பிரிவான அக்ஷௌகிணி ஒன்றுக்கு 21,870 யானை என்பது மரபுக் கணக்கு. குருக்ஷேத்திரத்தில் கூடிய பதினெட்டு அக்ஷௌகிணிக்கு 3,93,660 யானை ஆகிறது. யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீவனம் என்று வைத்தாலும், தினந்தோறும் 59,000 டன்னுக்கு மேல் களத்துக்கு வந்து சேர வேண்டும். என் வீட்டைக் கடந்து செல்லும் லாரிகளில் பத்து டன் ஏற்றுபவையாக ஏறத்தாழ 5,900 லாரிகள் அதற்குத் தேவை; அவை விடியுமுன் வந்து, மறுநாளும் வர வேண்டும். இதனால் பாரதத்துக்கு இழுக்கு ஒன்றுமில்லை, காவியத்தின் எண் காவியத்துக்கு உரியது. ஆனால் சரித்திரம் எழுதுகிறவர் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். தீட்சிதரின் முறையில் இதற்கு இடமில்லை.

வெடிப்படைகளைப் பற்றி அவர் எழுதிய பகுதி இக்குறையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதர்வ வேதத்தில் ஈயத்தால் பகைவனைத் துளைப்பதாக வரும் மந்திரத்தை ஈயக்குண்டு எறியும் ஆயுதத்துக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டார். அந்தச் சூக்தமோ பேய் பிசாசுகளை ஓட்டும் மாந்திரிகம். ஈயம் அங்கே ரட்சையாக வருவது. சுக்ரநீதியில் வெடியுப்பு ஐந்து பங்கு, கந்தகம் ஒரு பங்கு, கரி ஒரு பங்கு என வெடிமருந்து செய்யும் செய்முறையே இருப்பது உண்மை. ஆனால் அவ்வளவு துல்லியமான செய்முறை, அந்நூல் நமக்குக் கிடைத்திருக்கும் வடிவில் எவ்வளவு பிற்காலத்தது என்பதற்கே சாட்சி சொல்கிறது. ஓப்பெர்ட் இந்த வழியில் சென்றபோது, அமெரிக்கரான ஹாப்கின்ஸ் 1889-லேயே அதை மறுத்திருந்தார். அந்த மறுப்புக்குப் பிறகும் தீட்சிதர் அதே வழியை நாடியதும், விமானங்களைக் காவியக் கற்பனையாகக் கொள்ளாமல் பறந்து போரிட்ட ஊர்திகளாகவே ஏற்றதும் எனக்கு மிக்க வருத்தம் தருகின்றன. எந்த ஏட்டையும் ஒதுக்காத மனம், எந்த ஏடு எந்த நூற்றாண்டினது என்று பிரித்து நிறுத்தவும் மறந்துவிட்டது.

தீட்சிதரின் நூல் எழுதப்பட்ட காலத்தையும் நினைக்க வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவரென்று அஞ்சிச் சென்னை நகரமே பாதி காலியாயிற்று. மக்கள் வானத்தைப் பார்த்தே நாளைக் கழித்தார்கள். அன்னியர் ஆட்சியில், உங்களிடம் என்ன இருந்தது என்று கேட்கப்பட்டு வந்த ஒரு தேசத்தின் ஆசிரியர், எல்லாம் இருந்தது என்று சொல்ல விரும்பியது மனித இயற்கையே. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதனால் பிழை பிழையாகாமல் போவதில்லை. இன்றும் அவர் பெயரைச் சொல்லியே விமானக் கதைகள் உலவுகின்றன. அவருடைய புறத்திணை ஆராய்ச்சியைச் சொல்வாரைத்தான் காணோம்.

இத்தனைக்கும் களத்துக்கு இட்டுச்செல்லும் வழி அவர் கையிலேயே இருந்தது. அர்த்தசாஸ்திரம் நகரும் யந்திரங்களுள் ஒன்றாகச் சதக்னியைக் கூறுகிறது; நூற்றுவரைக் கொல்வது என்பது அதன் பொருள். பழைய உரை அதனைக் கோட்டை மதில்மேல் வைத்த, கூர்முனைகள் செறிந்த பெருந்தூண் என்கிறது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லாரும் மதுரை மதிற்பொறிகளோடு ‘நூற்றுவரைக்கொல்லி’ என்ற ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார். அந்தக் காதையைச் சொல் சொல்லாக ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தீட்சிதரே. கொதிக்கும் நெய், உருகும் உலோகத்துக்கு உலை, கல் நிறைத்த கூடை என்று அங்கே ஒரு நகரத்தின் தற்காப்பு முழுவதும் வரிசையாக நிற்கிறது. வெடிமருந்தைத் தேடாமல், அந்த உலைக்கு வேண்டிய விறகை மதில்மேல் யார் சுமந்து ஏற்றினார்கள், நெய் காய எத்தனை நாழிகை பிடித்தது, பகைவன் ஏணி சாத்துவதற்குள் அது காய்ந்ததா என்று கேட்டிருந்தால், அந்த மதில் நம் கண்முன் எழுந்திருக்கும்.