பூரிக்கோவின் கை

சிறு பதிப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் முதலில் கைக்கு வருவது கவிதைப் போட்டிக் கட்டுதான். நிலா, மழை, அம்மா, மறுபடியும் நிலா. பழகிய உவமையைக் கண்டதும் ஒதுக்கிவிடக் கை பரபரக்கும். அப்போதெல்லாம் எனக்குக் கொல்லிமலையின் அழகுப் பாவையான கொல்லிப்பாவை நினைவுக்கு வருவாள்.

சங்கத் தொகைநூல்களான நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலும் தலைவியின் அழகுக்கு அவள் உவமையாகிறாள். தொகுத்தவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. சலிக்கவும் முடியாது. குறுந்தொகை 100-ஆம் பாடலில் கபிலர் நேராகப் பாவைக்கு வந்துவிடுவதில்லை. காந்தள் வேலியிட்ட ஒரு சிற்றூர், பசித்தால் யானைத் தந்தத்தை விற்று உண்ணும் மக்கள், பிறகு மன்னன் வல்வில் ஓரியின் கொல்லிமலை, அதன்பின்தான் பாவை. எல்லாம் ஏழே அடியில்!

குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பது மரபு. நான்கு முதல் எட்டு அடி என்பது அவர் வைத்த அளவு. இன்றைய போட்டி விதி மாதிரியேதான். ஆனாலும் 307, 391 ஆகிய இரண்டு பாடல்கள் ஒன்பது அடியோடு உள்ளே நிற்கின்றன. எழுதியவர் பெயர் தெரியாதபோது பாட்டிலுள்ள தொடரே பெயராகிவிட்டது. செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். பெயரைப் பார்த்துப் படிக்கும் நடுவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கபிலர் பாடிய கொல்லிமலையில், செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு, ஆடியில் அரசு விழாவும் உண்டு. அங்கே, அந்தப் பாட்டைத் தொகுத்த பூரிக்கோவுக்கும் ஒரு பெயர்ப்பலகை வையுங்கள்.