சாதுவான தோட்டா

சுட்டு முடித்த தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு மூன்றும் செலவாகிவிடும்; மறுபடி பயன்படுவது பித்தளைக் கூடு மட்டும். நான்கில் விலை கூடியது அதுதான். அந்தக் கூட்டைத் துலக்கி, பழைய அளவுக்கு இறுக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்து மறுபடி தோட்டாவாக்கும் கைவேலைக்கு அமெரிக்காவில் நூறாண்டு தாண்டிய மரபு உண்டு. பணம் மிச்சம் என்று தொடங்குகிறவர்கள்தான் அங்கே அதிகம். நாளடைவில் அந்தக் கணக்கு பின்னால் போய், ஐம்பது தோட்டாக்களும் ஒன்றுபோல் பேச வேண்டும் என்ற ஆசை முன்னால் வந்து நிற்கும். அந்த ஆசை ஈடேறுவது பெரும்பாலும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதல் தேர்வு எந்த வகைத் தோட்டா என்பது. இதில் புதியவருக்கு .38 ஸ்பெஷலுக்கு நிகர் வேறில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1898-ல் கொண்டுவந்த ரிவால்வர் தோட்டா இது. கருமருந்தின் காலத்து வார்ப்பு என்பதால் கூடு நீளமானது, உள்ளே இடம் தாராளம். அமெரிக்கத் தொழில்தரம் இதற்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இன்று எங்கும் பரவியிருக்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கோ 35,000. கூட்டின் சுவர் நேரானது. அதனால் டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த டை என்ற அச்சில் எண்ணெய் தடவாமலே இறுக்கலாம். அடியில் விளிம்பு இருப்பதால் அறைக்குள் தோட்டா அந்த விளிம்பில் தங்குகிறது. கூட்டின் நீளம் மயிரிழை முன்பின் இருந்தாலும் குடி முழுகாது. தானியங்கி பிஸ்டலில் அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையையும் மருந்தின் விசையே செய்தாக வேண்டும். ரிவால்வரில் உருளையைச் சுழற்றுவது விரல், ஆகவே மெல்லிய சுடுகையும் அதற்குச் சம்மதமே. போதாததற்கு, வெற்றுக் கூடுகள் புல்லில் சிதறாமல் உள்ளங்கையில் வந்து விழுகின்றன.

கூட்டுக்கான பித்தளையில் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். சுடும்போது விரிந்து அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி விடுபடுகிற நெளிவு இந்தக் கலவையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை விரிந்து இறுகும்போதும் அது கொஞ்சம் கடினப்படும். கடைசியில் வாய்ப்பக்கம் கீறல் விடும். கீறல் விழுந்த கூட்டைக் கண்டுபிடிக்கக் காதும் உதவும். ஒரு கைப்பிடி கூடுகளைக் குலுக்கினால் நல்லவை கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்டது சொத்தென்று தனியே கேட்கும். நிக்கல் பூசிய கூடு பார்க்க அழகு, ஆனால் வாய் சீக்கிரம் பிளக்கும். முதல் ஐம்பதுக்கு ஒரே நிறுவனத்தின் முத்திரை அடியில் பதிந்த சாதாரணப் பித்தளையே சிறந்தது. சுவர்த் தடிமன் ஒன்றுபோல் இருந்தால்தான் குண்டை எல்லாக் கூடும் ஒரே பிடியாகப் பிடிக்கும்.

கூட்டின் அடியையும் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் முறைக் கூட்டில் பழைய பிரைமரை ஓர் ஊசியால் தள்ளிவிடலாம். பெர்டான் முறையில் துளை இரண்டு, ஊசிக்கு வழியில்லை. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவில் அமெரிக்கரின் முறை வேரூன்றியது. மறுநிரப்பு அமெரிக்காவில் வீட்டுக் கைவேலையாகச் செழித்ததில் அந்த ஒற்றைத் துளைக்குப் பெரும் பங்கு உண்டு.

குண்டில் ரசனை வெளிப்படையாகத் தெரியும். பந்தயக்காரர்கள் விரும்புவது 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர்: முன்பக்கம் தட்டையான உருளை, காகிதக் குறியில் வட்டத்தைக் கத்தரித்ததுபோல் துளையிடும். ஆனால் அது கூட்டுக்குள் ஆழமாக அமர்ந்து மருந்துக்கான இடத்தைக் குறைக்கிறது. முதல் முயற்சிக்கு 158 கிரெயின் செமி வாட்கட்டர் ஈயக் குண்டு மேல். துளையும் சுத்தமாக விழும், கைக்கும் நிதானமாக இருக்கும். அதன் இடுப்பில் ஓடும் பள்ளம் எவ்வளவு ஆழம் அழுத்துவது என்று தானே சொல்லிவிடும். கூட்டின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் லேசாக மடித்துவிட்டால், பக்கத்து அறைகள் சுடும் உதைப்பில் குண்டு முன்னால் நழுவாது. ஈயக் குண்டின் விட்டம் .358 அங்குலம், செம்பு உறையிட்டதற்கு .357. ஈயம் குழலின் வரிகளை நிறைத்துப் பிடிக்க அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு தேவை. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது.

இனி மருந்து, நான்கிலும் அதிகம் யோசிக்க வேண்டியது இதுவே. .38 ஸ்பெஷலோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தது புல்ஸ்ஐ என்ற வேக மருந்து. இன்றும் விற்பனையில் இருக்கிறது, குறிசுடுவோர் அதைக் கொண்டாடுவதிலும் நியாயம் உண்டு. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்குச் சில கிரெயின்களே போதும் என்பதால் ஒரு டப்பா ஆயிரம் தோட்டாவுக்கு மேல் வரும். அந்தச் சிக்கனமே புதியவருக்கு ஆபத்தும் ஆகிறது. பெரிய கூட்டின் அடியில் அந்தச் சிறிதளவு மருந்து கண்ணுக்குத் தெரிவதே அரிது. கவனம் தப்பி இரண்டாம் முறை ஊற்றினாலும் கூடு நிறையாது. இருமடங்கு மருந்து ரிவால்வரின் உருளையையே பிளந்துவிடக்கூடியது. ஆகவே முதல் மருந்து எடையில் குறைந்தும் பரிமாணத்தில் பருத்தும் இருப்பது நல்லது. டிரெயில் பாஸ் என்ற மருந்தின் துகள்களை நடுவில் ஓட்டை வைத்து வளையமாகச் செய்தது கூட்டை நிறைப்பதற்காகவே. அது இப்போது கடையில் கிடைப்பது அரிது. தட்டைச் செதிலாக வரும் யூனிக் இடத்தை நன்றாக அடைக்கும், ஆனால் அளவுக் கருவியில் சீராக இறங்காது. சிறு உருண்டைகளாலான எச்பி-38 தண்ணீராக இறங்கும், இடம் குறைவாகவே பிடிக்கும். ஒவ்வொரு முறை ஊற்றும் மருந்தையும் தராசில் நிறுக்கும் பொறுமை உள்ளவருக்கு யூனிக், கருவியை நம்பி வேலை செய்பவருக்கு எச்பி-38. எதுவானாலும், ஐம்பது கூடுகளையும் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்குமுன் விளக்கடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

பிரைமர் விஷயம் சுருக்கமானது. .175 அங்குல விட்டமுள்ள சிறிய பிஸ்டல் பிரைமர், மேக்னம் அல்லாத சாதாரண வகை வேண்டும். ஃபெடரல் தயாரிப்பின் மூடி மென்மையானது. சுத்தியல் வில்லைத் தளர்த்திய ரிவால்வரிலும் தவறாமல் பற்றும். பிரைமருக்குள் இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் அடிபட்டால் வெடிக்கும் பொருள். அதனால் பிரைமர்களை வந்த தட்டிலேயே வைத்திருக்க வேண்டும். புட்டியில் கொட்டிச் சேர்த்துவைக்கக் கூடாது.

நான்கையும் சேர்க்கும் அளவை யாரும் மனத்தில் போட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. லைமன், ஸ்பியர், ஹார்னடி முதலியோர் வெளியிடும் கையேடுகள் ஒவ்வொரு குண்டுக்கும் மருந்துக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டையும் தருகின்றன. தொடங்க வேண்டியது தொடக்க அளவில். அதற்கும் கீழே இறங்கினால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கக்கூடும். அடுத்த சுடுகை அதன்மேல் மோதும். நான்கில் ஒன்றை மாற்றினாலும் மறுபடி தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும். கையேடு வாங்காமல் மருந்து வாங்குவது வரிசை தவறிய செலவு.

இந்தத் தேர்வில் கிடைப்பது வேகமான தோட்டா அன்று. உதைப்பு மெத்தென்று இருக்கும், ஓசை அடங்கியிருக்கும், நல்ல கையில் துளைகள் ஒன்றையொன்று தொட்டு விழும். முதல் தோட்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்மானம் கைத்துப்பாக்கி வகையில் இல்லை.