இணையப் பக்கமும் பதிப்பாளர் கடமையும்

நூலொன்றை அச்சேற்றி வெளியிடுவோர் அதன் முகப்பில் மூன்று செய்திகளைப் பொறித்தல் மரபு. பதிப்பித்தவர் இன்னார், பதிப்பித்த ஊர் இன்னது, ஆண்டு இன்னது என்பன அவை. இம்மூன்றும் இல்லாத நூலைக் கற்றோர் ஐயத்துடனே கையில் எடுப்பர். இன்று இணையத்தில் ஒரு தளம் அமைப்பவரும், முகநூலில் ஒரு கணக்குத் திறப்பவரும் பதிப்பாளரே ஆவர். ஆயினும் அப்பொறுப்பை உணர்ந்து நடப்போர் நம்மிடையே மிகச் சிலர். இக்குறையைச் சிங்கப்பூர்த் தமிழ்ப் பக்கங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. தமிழ் இணையத்தில் ஏறிய முதல் தளம் என்று பலரும் குறிப்பிடுவது அங்கே பிறந்ததுதான். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட தொகுப்பொன்று 1995 அக்டோபரில் இணையத்தில் வெளியிடப்பெற்றது. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். அதில் தமிழை ஏற்றிய பெருமை, சிறுகதை ஆசிரியரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியைச் சாரும். 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய அவர், 1999-இல் காலமானார். ஆசிரியர்க்கு ஆசிரியராய் விளங்கிய ஒருவர் இப்பணியைச் செய்தார் என்பது நம் தொழிலுக்கே பெருமை தருவதாகும்.

அக்காலத்தில் அவரும் அவரைப் போன்ற பிறரும் எதிர்கொண்ட இடர் யாது? ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு குறியீட்டை வழங்கிற்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க வேண்டுமாயின் அதே எழுத்துரு அவரிடமும் இருத்தல் வேண்டும்; இல்லையேல் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999-இல் சென்னையில் கூடிற்று. 2000-இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. யூனிகோடு முறை பரவிய பின்னர், தமிழ் எழுத்து எக்கருவியிலும் எழுத்தாகவே நிற்கும் நிலை வாய்த்தது. பலருடைய உழைப்பால் கிட்டிய பேறு இது.

இப்பேற்றை நாம் எவ்வாறு போற்றுகின்றோம்? சில மாதங்களுக்கு முன் சிராங்கூன் சாலை வழியே நடந்தபோது, தேக்காவில் ஒரு கடைச் சுவரில் இலக்கியக் கூட்ட அறிவிப்பொன்றைக் கண்டேன். அன்றிரவு அவ்வமைப்பின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினேன், கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்தில் தேடிய பின்னரே அதன் முகநூல் பக்கம் அகப்பட்டது. அங்கே அறிவிப்பு முழுவதும் ஒரே வண்ணப்படமாக இருந்தது. 'ஞாயிறு மாலை 5 மணி' என்றிருந்ததேயன்றி ஆண்டு இல்லை. பின்னர் விசாரித்ததில் அக்கூட்டம் நடந்து ஈராண்டு ஆயிற்று என்று அறிந்தேன். சுவரில் ஒட்டியவரும் கிழிக்கவில்லை. பக்கத்தில் இட்டவரும் ஆண்டு குறிக்கவில்லை.

எழுத்தைப் படமாக்கி வெளியிடும் இவ்வழக்கமே நான் முதற்கண் கண்டிக்க விரும்புவது. படத்திலுள்ள தமிழ் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ வெறும் வண்ணப் புள்ளிகள். தேடுவோர்க்கு அது எளிதில் அகப்படாது. பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அங்கே தடுமாறும். வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பங்கள் பெருகிவரும் சிங்கப்பூரில், பொருள் தெரியாத ஒரு சொல்லை மாணவன் எடுத்து அகராதியில் இட்டுப் பார்க்க விரும்பினால் அதற்கும் வழியில்லை. தமிழ் கற்பிக்கும் நாமே தமிழுக்குக் கதவடைத்தவர் ஆகின்றோம்.

இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். படம் அழகாயிருக்கிறது என்பர். கைப்பேசியில் பகிர எளிது என்பர். படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் கருவிகள் வந்துவிட்டன என்பர். அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் இட்டால் அழகும் நிற்கும், பயனும் விளையும். கருவிகளோ அணி எழுத்துக்களில் இன்றும் தவறுகின்றன. எழுதியவரே தரக்கூடிய பாடத்தை இயந்திரத்தின் ஊகத்துக்கு விடுதல் எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது, நிலைபேறு. சி. கு. மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு 1887-இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழைத் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் இன்றும் படிக்கலாம். நாளும் ஆண்டும் ஆசிரியர் பெயரும் அதில் தெளிவாயுள்ளன. இணையத்திலோ ஜியோசிட்டீசில் பலர் அமைத்த இலவசப் பக்கங்கள், அந்நிறுவனம் 2009-இல் கடையடைத்தபோது இடமிழந்தன. ஆர்குட் 2014-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பெற்றன. அவற்றிற் சிலவற்றை ஆர்வலர் படியெடுத்துக் காத்தனர் என்பது உண்மையே. ஆயினும் அது பிறர் செய்த புண்ணியம், நம் முயற்சியன்று. சமூக ஊடகம் வாடகை வீடு. அங்கே விருந்தினரை வரவேற்கலாம். குடும்பப் பத்திரங்களை அங்கேயே வைத்து உறங்கலாகாது.

சொந்த வீட்டுக்குச் சிங்கப்பூரில் நல்ல வசதி உண்டு. தேசிய நூலக வாரியச் சட்டம் 2018-இல் திருத்தப்பெற்று, 'டாட் எஸ்ஜி' என முடியும் தளங்களைத் தனித்தனி இசைவு பெறாமலே திரட்டிக் காக்கும் அதிகாரம் 2019 முதல் வாரியத்துக்கு வழங்கப்பட்டுள்ளது. தமிழ் எழுத்திலேயே '.சிங்கப்பூர்' என முடியும் முகவரி 2011 முதல் உண்டு. தேக்காவிலும் கேம்பல் லேனிலும் நான் கண்ட பலகைகளில் அம்முகவரியை ஒருமுறையேனும் கண்டிலேன். எளிய தளத்துக்கு மிகுந்த கல்வி வேண்டுவதில்லை: யார் நடத்துவது என்னும் அறிமுகம், ஆண்டு வரிசையில் கட்டுரைகள், தொடர்புக்கொரு முகவரி, பக்கத்தின் மொழி தமிழ் என்று கணினிக்கு உணர்த்தும் குறிப்பு ஆகியவை போதும். எழுதியதை அங்கே வைத்துவிட்டு, இணைப்பை மட்டும் முகநூலில் பகிர்வதே முறை.

மூன்றாவது, தன் கணக்கு, பணிக் கணக்கு என்னும் வேறுபாடு. பேரன் பிறந்தநாள் படத்துக்கும் புணர்ச்சி இலக்கணப் பாடத்துக்கும் ஒரே கணக்கை வழங்கும் ஆசிரியர் பலர். மாணவனும் பெற்றோரும் உறவினரும் ஒரே திண்ணையில் அமர்வதால் வரும் சங்கடம் ஒருபுறமிருக்க, பெரிய கேடு வேறொன்று. சங்கத்தின் பக்கம் செயலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணில் திறக்கப்படுகிறது. அவர் விலகினாலோ மறைந்தாலோ கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. பத்தாண்டுப் பதிவுகள் பூட்டிய அறைக்குள் கிடக்கின்றன. தோட்டப்பள்ளியில் தலைமையாசிரியர் மாறும்போது சாவிக்கொத்து, பதிவேடு, தளவாடப் பட்டியல் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டே ஒப்படைப்போம். உடைந்த நாற்காலிக்கும் கணக்குண்டு. ஒரு சங்கத்தின் எழுத்துச் செல்வத்துக்கு அத்துணைக் கவனம் வேண்டாவா? பணிக் கணக்கு அமைப்பின் மின்னஞ்சலில் திறக்கப்படல் வேண்டும். பொறுப்பாளர் இருவரேனும் இருத்தல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவோடு அதுவும் ஒப்படைக்கப்படல் வேண்டும்.

எழுத்து எழுத்தாக நிற்றல், பெயரும் ஆண்டும் விளங்குதல், அடுத்தவர் கைக்கு மாறுதல் ஆகிய இம்மூன்றுமே ஒரு பக்கத்தின் தகுதியை அளக்கும் கோல்கள். வண்ணமும் விருப்பக் குறிகளின் எண்ணிக்கையும் அவற்றுக்குப் பின்னரே. ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகையில் எழுதும் முறையைப் பாடமாக வைத்தோம். இணையத்தில் எழுதும் முறையையும் அதனோடு சேர்க்கும் காலம் வந்துவிட்டது. கரும்பலகையை மாலையில் அழித்துவிடலாம். இதனை நாம் அழியாமற் காக்க வேண்டும்.